எலும்பு மாத்திரைக்கு ஏன் இத்தனை விதிகள்?

பெரும்பாலான மாத்திரைகளுக்கு ஒரே ஒரு விதிதான் இருக்கும்: சாப்பாட்டுக்கு முன், அல்லது சாப்பாட்டுக்குப் பின். எலும்புப்புரை நோய்க்குக் கொடுக்கப்படும் அலெண்ட்ரோனேட் மாத்திரையின் விவரத் தாளைப் படித்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில். ஒரு குவளை நிறைய வெறும் தண்ணீருடன். காப்பி கூடாது, தேநீர் கூடாது, பால் கூடாது, பழச்சாறும் கூடாது. கடிக்கவோ சப்பவோ கூடாது. விழுங்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ நடந்தோ இருக்க வேண்டும், படுக்கவே கூடாது. அந்த அரை மணி நேரம் முடியும்வரை சாப்பாடும் இல்லை, வேறு மாத்திரையும் இல்லை.

ஒரு சின்ன மாத்திரைக்கு இத்தனை விதிகள்! உங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இதைச் சாப்பிடுகிறவராக இருந்தால், இவற்றில் ஒன்றிரண்டை அவர் தளர்த்திக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் காப்பி, பிறகு மாத்திரை. அல்லது மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் கண்ணயர்வது. காரணம் தெரியாத விதி வெறும் கெடுபிடியாகத்தான் தோன்றும். இந்த வாரம் அந்தக் காரணங்களைப் பார்ப்போம். கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் உயிரியல், கொஞ்சம் கணக்கு மூன்றும் தேவைப்படும்.

தோண்டும் குழுவும் நிரப்பும் குழுவும்

எலும்பை நாம் செங்கல் போன்ற உயிரற்ற பொருளாக நினைக்கிறோம். அது தவறு. சாலைப் பணி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குழு பழைய தாரைச் சுரண்டி எடுக்கிறது. பின்னால் வரும் குழு புதிய தாரைப் போடுகிறது. எலும்பிலும் இதே வேலை வாழ்நாள் முழுவதும் நடக்கிறது. தோண்டும் உயிரணுக்களுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். அவை எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து கால்சியம் படிகங்களைக் கரைக்கின்றன. அந்தக் குழியைப் புதிய எலும்பால் நிரப்புபவை ஆஸ்டியோபிளாஸ்ட் உயிரணுக்கள். பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் பாட்டியின் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி உங்களைவிட வயதில் சிறியதாகக்கூட இருக்கலாம்!

இரு குழுக்களும் ஒரே வேகத்தில் இயங்கும்வரை சிக்கல் இல்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. அப்போது தோண்டும் குழுவின் கை ஓங்குகிறது. நிரப்பும் குழுவால் ஈடுகொடுக்க முடிவதில்லை. எலும்பின் உட்புற வலைப்பின்னல் மெலிந்து, துளைகள் பெரிதாகின்றன. புரை என்றால் துளை, உள்ளீடற்ற இடம். அதனால்தான் இந்த நோய்க்கு எலும்புப்புரை என்று பெயர். முழங்கால் வலிக்கிறது என்று பெரியவர்கள் சொல்லும் மூட்டுத் தேய்மானம் வேறு நோய். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்புப்புரை, எலும்பு முறியும்வரை பொதுவாக வலிப்பதே இல்லை. குளியலறையில் ஒரு சின்ன வழுக்கல், அவ்வளவுதான், இடுப்பெலும்பு முறிந்துவிடும். அது சாதாரண விஷயமன்று. இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உயிர்பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் தாமே நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை.

வலியே இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மருந்தால் கிடைக்கும் நன்மையை உணர முடியாது. முறியாமல் தப்பித்த எலும்பை யார் பார்த்தார்கள்? ஆனால் மருந்தால் வரும் நெஞ்செரிச்சலை உடனே உணரலாம். இந்தக் கட்டுரை முழுவதும் இதை நினைவில் வைத்திருங்கள்.

குழாய்ப் படிவிலிருந்து எலும்புக்கு

அலெண்ட்ரோனேட், பிஸ்பாஸ்பனேட் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் பிறப்பு மருத்துவமனையில் நடக்கவில்லை. இதன் முதல் உறுப்பினர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வேதியியல் கூடத்தில் தயாரிக்கப்பட்டவை. தொழிற்சாலைக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு சேராமல் தடுக்கத்தான் அவை பயன்பட்டன. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாத குணம் அவற்றுக்கு இருந்தது.

1960களில் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹெர்பர்ட் ஃபிளைஷும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறொரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். நம் சிறுநீரிலும் இரத்தத்திலும் கால்சியம் நிறைய இருந்தும் ஏன் கண்ட இடத்தில் கல்லாகப் படிவதில்லை? பைரோபாஸ்பேட் என்ற இயற்கையான சேர்மம் அதைத் தடுக்கிறது என்று கண்டார்கள். அதன் நடுவில் இரண்டு பாஸ்பரஸ் அணுக்களை ஓர் ஆக்சிஜன் அணு இணைக்கிறது. அதையே மருந்தாகக் கொடுக்கலாமே என்றால், உடலில் உள்ள நொதிகள் அந்த இணைப்பை எளிதில் வெட்டிவிடுகின்றன. ஆக்சிஜன் இருந்த இடத்தில் கார்பன் அணு இருந்தால்? நொதிகளால் வெட்ட முடியாது. பிஸ்பாஸ்பனேட்டின் அமைப்பு அதுதான். 1969இல் இந்த ஆய்வுகள் வெளிவந்தன. குழாய்க்கு உதவிய பொருள் எலும்புக்கு வந்து சேர்ந்தது.

உடலுக்குள் போன பிஸ்பாஸ்பனேட், கால்சியம் எங்கே அதிகமோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அதாவது எலும்பில். ஆஸ்டியோகிளாஸ்ட் வந்து அமிலத்தைச் சுரந்து தோண்டும்போது, ஒட்டியிருந்த மருந்தும் கழன்று அந்த உயிரணுவுக்குள் போகிறது. உள்ளே போனதும் உயிரணுவுக்குத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. தோண்டுபவர் செயலிழக்கிறார். எதிரி தானே வந்து விஷத்தை உண்பதுபோன்ற ஏற்பாடு! வேடிக்கை என்னவென்றால், எந்த நொதி முடங்குகிறது என்பது 1990களின் இறுதியில்தான் தெளிவானது. அலெண்ட்ரோனேட் அதற்கு முன்பே, 1995இல், அமெரிக்காவில் ஃபோசமாக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது.

காப்பியால் என்ன குறைந்துவிடும்?

இப்போது கணக்கு. வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடும் மாத்திரையில் 70 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. வெறும் வயிற்றில் சாப்பிட்டாலே அதில் சுமார் 0.6 விழுக்காடுதான் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது.

70 × 0.6 ÷ 100 = 0.42 மில்லிகிராம்.

அதிலும் ஏறக்குறைய பாதி சிறுநீரில் வெளியேறிவிடும். எலும்புக்குப் போய்ச் சேர்வது சுமார் 0.2 மில்லிகிராம். எழுபதில் மிஞ்சியது இவ்வளவுதான்.

இப்போது அந்த மாத்திரையைக் காப்பியுடனோ ஆரஞ்சுச் சாற்றுடனோ சாப்பிட்டால், உறிஞ்சப்படும் அளவு மேலும் சுமார் 60 விழுக்காடு குறைகிறது. 0.42 என்பது 0.17 ஆகிவிடும். காலை உணவுடன் சேர்த்துச் சாப்பிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே போகாது. காரணம் மருந்தின் அதே குணம்தான். கால்சியத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். பாலிலும் மைலோவிலும் தே தாரிக்கிலும் உள்ள கால்சியத்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு, உறிஞ்ச முடியாத சேர்மமாக மாறி, கழிவோடு வெளியேறிவிடும். கால்சியம் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்தும் இதையே செய்யும். தாதுக்கள் மிகுந்த போத்தல் தண்ணீரும் ஆகாது. குழாய்த் தண்ணீரே போதும்.

இப்படித் தவறாகச் சாப்பிடுகிறவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மாத்திரை தீர்ந்துகொண்டே வரும், மருத்துவர் மறுபடி எழுதிக் கொடுப்பார், கணக்குப்படி மருந்து சாப்பிட்டாயிற்று. எலும்புக்கு மட்டும் எதுவும் போயிருக்காது. என்னைக் கேட்டால், நெஞ்செரிச்சலைவிட இது மோசமான விளைவு. நெஞ்செரிச்சலாவது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

ஏன் வாரம் ஒரு முறை? எலும்பில் ஒட்டிய மருந்து எளிதில் போகாது. அங்கே சேர்ந்ததில் பாதி வெளியேறவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஆகவே ஏழு நாளைக்குரிய பத்துப் பத்து மில்லிகிராமை ஒரே நாளில் கொடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்று கண்டறிந்தார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மற்ற மாத்திரைகளோடு பெட்டியில் கலந்துவிட்டால், வார மாத்திரையை ஒருவர் நாள்தோறும் விழுங்கிவிடக்கூடும். அது ஏழு மடங்கு அளவு.

உணவுக்குழாயில் நின்ற மாத்திரை

நிமிர்ந்து இருக்க வேண்டும் என்ற விதி ஏன் முக்கியம் என்பதைக் காட்டும் கதையைச் சொல்கிறேன். மாத்திரை சந்தைக்கு வந்த மறு ஆண்டே, 1996இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஏட்டில் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு விழுங்கும்போது தாங்க முடியாத வலி. எண்டோஸ்கோப்பி கருவியால் உள்ளே பார்த்தபோது, உணவுக்குழாயின் உட்சுவர் இரசாயனம் பட்டு வெந்ததுபோல் புண்ணாகியிருந்தது. அதுவரை உலகெங்கும் சுமார் 475,000 பேருக்கு அந்த மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. பக்கவிளைவு பற்றி வந்த புகார்கள் 1,213. அவற்றில் 199 உணவுக்குழாய் தொடர்பானவை, 51 கடுமையானவை.

விசாரித்தபோது ஒரு பொதுத்தன்மை தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் மிகக் குறைந்த தண்ணீருடன் விழுங்கியிருந்தார்கள், அல்லது விழுங்கிய கையோடு படுத்திருந்தார்கள். வலி தொடங்கிய பிறகும் நிறுத்தாமல் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள்.

இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் தடித்த சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் இல்லை. வாய் நிறையத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் மாத்திரை நடுவழியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். படுத்துக்கொண்டால், இரைப்பைக்குப் போன மருந்தும் அமிலத்தோடு கலந்து மேலே ஏறிவரும். நிமிர்ந்து இருக்கும்போது புவியீர்ப்பு விசை நமக்காக வேலை செய்கிறது. அரை மணி நேர விதிக்கு இதுதான் பொருள். ஆகவே அந்த நேரத்தில் குனிந்து வீடு துடைப்பதும் நல்லதன்று. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், நாளிதழ் படிக்கலாம், மெதுநடை போகலாம்.

உணவுக்குழாய் சுருங்கியிருப்பவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க முடியாதவர்கள், இரத்தத்தில் கால்சியம் குறைந்தவர்கள், சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை ஏற்றதன்று. அவர்களில் சிலருக்கு ஆண்டுக்கு ஒரு முறை நரம்பு வழியாகச் செலுத்தும் ஸோலெட்ரானிக் அமிலம் தரப்படலாம். அது இதே குடும்பம்தான், உணவுக்குழாயைத் தொடாது. ஆனால் முதல் முறை செலுத்தும்போது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இரண்டு மூன்று நாளைக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வரும். அதற்கும் முன்னதாகச் சிறுநீரகச் சோதனை தேவை.

சிங்கப்பூரிலிருந்து போன எச்சரிக்கை

அடுத்த பக்கவிளைவு தெரியவரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு.

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் எலும்பு மருத்துவர்கள், பத்து மாத காலத்தில் வந்த ஒரு வகை எலும்பு முறிவுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். தொடை எலும்பு உடலிலேயே வலுவான எலும்பு. அது இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே முறிய வேண்டுமானால் பொதுவாகச் சாலை விபத்து போன்ற பலமான அடி தேவை. ஆனால் 13 பெண்களுக்கு லேசாக விழுந்ததிலேயே அந்த இடம் முறிந்திருந்தது. அவர்களில் ஒன்பது பேர் அலெண்ட்ரோனேட் சாப்பிட்டு வந்தவர்கள். அவர்களின் சராசரி வயது 67க்குச் சற்றுக் குறைவு; சாப்பிடாத நால்வரின் சராசரி வயது 80. எலும்பைக் காக்கும் மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு, இளைய வயதிலேயே, இப்படி ஒரு முறிவா? இன்னொன்றையும் கவனித்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஐவருக்கு, முறிவுக்கு முந்தைய மாதங்களிலேயே அந்தப் பக்கத்தில் வலி இருந்திருக்கிறது. 2007இல் வெளிவந்த இந்தக் கட்டுரை, இப்பிரச்சினையை உலகுக்குக் காட்டிய முதற்சில அறிக்கைகளில் ஒன்று. இப்போது இதை இயல்புக்கு மாறான தொடையெலும்பு முறிவு என்கிறார்கள்.

ஏன் இப்படி? சாலைக் குழுவை நினைத்துப் பாருங்கள். நாம் நடக்கும்போதும் படியேறும்போதும் எலும்பில் நுண்ணிய விரிசல்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுத்தால்தான் புதிதாக நிரப்ப முடியும். தோண்டும் குழுவைப் பல ஆண்டுகள் அடக்கி வைத்தால், எலும்பு மெலியாது. ஆனால் பழைய விரிசல்களும் அப்படியே சேரும். நன்மையும் தீமையும் ஒரே செயலிலிருந்து வருகின்றன. பக்கவிளைவு என்ற சொல், மருந்து எங்கோ ஓரமாகச் செய்யும் வேறு வேலை என்ற எண்ணத்தைத் தருகிறது. இங்கே அப்படியில்லை.

சந்தைக்கு வருமுன் செய்த சோதனைகளில் இது ஏன் தெரியவில்லை? உங்கள் கணிப்பானை எடுங்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் விளைவு என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேருக்கு மருந்து கொடுத்துச் சோதித்தால், அது ஒருவருக்காவது வரும் வாய்ப்பு எவ்வளவு? 0.9999ஐ ஆயிரம் முறை பெருக்கி, விடையை 1இலிருந்து கழியுங்கள். ஏறக்குறைய 0.095 வரும். பத்துக்கு ஒன்பது முறை, அந்தச் சோதனை எதையும் காணாமலே முடிந்துவிடும். அலெண்ட்ரோனேட்டின் புகழ்பெற்ற சோதனை ஒன்றில் 2,027 பெண்கள் இருந்தார்கள். மருந்து பெற்றவர்கள் அவர்களில் பாதிப்பேர்தான். அவர்களைக் கவனித்ததும் சுமார் மூன்றாண்டுகள் மட்டுமே. அரிய விளைவுகள், இலட்சக்கணக்கானோர் பல ஆண்டுகள் சாப்பிட்ட பிறகுதான் வெளிப்படும். ஒரு மருத்துவர் கவனித்து எழுதி அனுப்பினால்தான் அவை கணக்கில் சேரும். சிங்கப்பூரில் அத்தகைய தகவல்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் சேகரிக்கிறது. "எனக்குத் தொடை வலிக்கிறது" என்று பாட்டி மருத்துவரிடம் சொல்வதும் அறிவியலுக்குத் தரப்படும் ஒரு தகவல்தான்.

தராசின் இரு தட்டுகள்

இதைப் படித்ததும், "அப்படியானால் நிறுத்திவிடலாமே" என்று தோன்றும். அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. பக்கவிளைவுச் செய்திகள் பரவியபின், 2008க்கும் 2012க்கும் இடையில் இந்த வகை மாத்திரைகளின் பயன்பாடு அங்கே பாதிக்கும் கீழே போனது. அவசரப்படாமல் எண்களைப் பார்ப்போம்.

நான் சொன்ன 2,027 பெண்களும் ஏற்கெனவே முதுகெலும்பில் முறிவு கண்டவர்கள். மாத்திரை பெறாதவர்களில் 15 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் புதிய முறிவு வந்தது; பெற்றவர்களில் 8 விழுக்காடு. இடுப்பெலும்பு முறிவு 2.2 விழுக்காட்டிலிருந்து 1.1 ஆனது. இது நன்மைத் தட்டு.

தீமைத் தட்டையும் சேர்த்து நிறுத்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. தென் கலிஃபோர்னியாவில் 50 வயதைக் கடந்த ஏறக்குறைய 196,000 பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பத்தாயிரம் வெள்ளையர் பெண்கள் மூன்றாண்டு மருந்து சாப்பிட்டால் 149 இடுப்பெலும்பு முறிவுகள் தடுக்கப்படும்; அதற்கு விலையாக 2 இயல்புக்கு மாறான தொடை முறிவுகள் வரும். ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கோ, தடுக்கப்படுபவை 91, வருபவை 8. நன்மை இன்னும் பல மடங்கு அதிகம்தான். ஆனால் நம் பகுதி மக்களுக்கு இடைவெளி குறுகலாக இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. ஆண்டுகள் கூடக்கூடத் தொடை முறிவின் ஆபத்து ஏறுவதையும், மருந்தை நிறுத்தியபின் அது விரைவில் இறங்குவதையும் அதே ஆய்வு காட்டியது.

இங்கேதான் எலும்பில் ஒட்டிக்கொள்ளும் குணம் நமக்கு உதவுகிறது. ஐந்தாண்டு சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினரைத் தொடரச் சொல்லி, மற்றவர்களுக்குப் போலி மாத்திரை கொடுத்து, இன்னும் ஐந்தாண்டு கவனித்தார்கள். 2006இல் வந்த முடிவு: நிறுத்தியவர்களுக்கு எலும்பு அடர்த்தி சற்றே குறைந்தது, முதுகெலும்பைத் தவிர்த்த மற்ற முறிவுகள் கூடவில்லை. அறிகுறியோடு வரும் முதுகெலும்பு முறிவுகள் மட்டும், தொடர்ந்தவர்களில் 2.4 விழுக்காடாகவும் நிறுத்தியவர்களில் 5.3 விழுக்காடாகவும் இருந்தன. ஆகவே ஆபத்து குறைந்தவர்களுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் மருத்துவர் மருந்துக்கு விடுமுறை கொடுக்கிறார். முதுகெலும்பு பலவீனமானவர்களைத் தொடரச் சொல்கிறார். இந்த முடிவை எலும்பு அடர்த்திச் சோதனையைப் பார்த்துத்தான் எடுக்க முடியும். வீட்டில் எடுக்க முடியாது.

விடுமுறை எடுக்கக்கூடாத ஊசி

சிலருக்கு மாத்திரைக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி தரப்படுகிறது. புரோலியா என்ற பெயரில் கிடைக்கிறது. நாள் பார்த்து விழுங்கும் தொல்லை இல்லை. ஆனால் மாத்திரைக்குப் பொருந்தும் நியாயம் இதற்குப் பொருந்தாது. இது எலும்பில் ஒட்டுவதில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட்களை உருவாக்கும் சமிக்ஞைப் புரதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஆறு மாதத்தில் பிடி தளர்ந்துவிடும். அடுத்த ஊசி வராவிட்டால், காத்திருந்த தோண்டும் குழு முழுப் படையாகக் கிளம்பிவிடும்.

இந்த ஊசியை நிறுத்தியவர்களைக் கவனித்த ஆய்வில், 100 பேருக்கு ஆண்டுக்கு 1.2 என்று இருந்த முதுகெலும்பு முறிவு, நிறுத்தியபின் 7.1 ஆனது. முறிவு கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் நொறுங்கின. 2020இல் கொவிட்-19 நடமாட்டக் கட்டுப்பாடுகள் வந்தபோது, முந்தைய ஊசிக்குப் பின் ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள் என்று எலும்பு நிபுணர் அமைப்புகள் அவசரமாக அறிவுறுத்தியதற்கு இதுவே காரணம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், பின்னால் வேறொரு மருந்தைக் கொடுத்து எலும்பைக் காப்பார்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த ஊசி இரத்தத்தின் கால்சியத்தை அபாயகரமாகக் குறைத்துவிடலாம். கைகால் மரத்துப்போவது, தசை இழுப்பது அதன் அறிகுறிகள். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களைப் பற்றி அமெரிக்க அதிகாரிகள் 2024 ஜனவரியில் இதற்குக் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தார்கள். நீரிழிவும் சிறுநீரக நோயும் நம் குடும்பங்களில் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும்.

பல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்

19ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகும் நோய் வந்தது. 1888இல் இலண்டனில் தீப்பெட்டித் தொழிலாளர் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ததை வரலாற்றுப் பாடத்தில் சிலர் படித்திருக்கலாம். அந்நோயும் அக்காலத்தின் குறைகளில் ஒன்று. 2003இல் பிஸ்பாஸ்பனேட் பெற்ற சிலரிடம், பெரும்பாலும் புற்றுநோய்க்காக மிக அதிக அளவில் பெற்றவர்களிடம், அதைப் போன்ற தாடை நோயை மருத்துவர்கள் கண்டார்கள். பல் பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்தது. எலும்புப்புரைக்காகக் குறைந்த அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு இது மிக அரிது; 10,000 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. மருந்தைத் தொடங்குமுன் பல் வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது. தொடங்கிய பிறகு பல் பிடுங்கப் போனால், "நான் எலும்பு மருந்து சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஊசி பெறுபவர்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

மாத்திரை நாளை வாரத்தில் ஒன்றாக நிலைப்படுத்துங்கள். நாள் காட்டித் தாளில் அந்தக் கிழமையை வட்டமிடலாம். உங்களுக்குப் பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமை வசதி: தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்த அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். குவளையில் 200 மில்லிலிட்டர் அளவு தண்ணீர் இருக்கட்டும். காப்பி அரை மணி நேரம் பொறுத்து வரட்டும். கால்சியம் மாத்திரை இருந்தால் அதை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைப்பது எளிது. நோன்பு நாட்களில் என்ன செய்வது என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

விழுங்கும்போது வலி, நெஞ்சின் நடுவில் வலி, புதிதாக வந்த நெஞ்செரிச்சல் இருந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

தொடையிலோ கவட்டியிலோ மந்தமான வலி வாரக்கணக்கில் இருந்தால், அதை "வயசானால் வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுகளாக இந்த மருந்தைச் சாப்பிடுகிறார் என்று மருத்துவரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். முழுதாக முறியுமுன் எலும்பில் விரிசல் தெரிந்தால் காப்பாற்ற வழி உண்டு. மற்றத் தொடையையும் படமெடுத்துப் பார்ப்பார்கள். சிங்கப்பூர் மருத்துவர்கள் பார்த்த ஒன்பது பேரில் மூவருக்கு முறியாத காலிலும் அதன் தொடக்கம் தெரிந்தது.

ஊசி பெறுபவராக இருந்தால், அடுத்த ஊசிக்குரிய தேதியை உங்கள் கைப்பேசியிலேயே பதிந்துவையுங்கள். ஒரு மாதத்துக்கு முன் ஒரு நினைவூட்டல், ஒரு வாரத்துக்கு முன் இன்னொன்று. பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு கிடைக்க நேரம் பிடிக்கலாம்.

மாத்திரை நாளை மறந்துவிட்டால்? நினைவுக்கு வந்த அன்று மாலையே போட்டுக்கொள்ளக்கூடாது. வயிறு வெறுமையாக இருக்காது, சீக்கிரம் படுக்கவும் நேரிடும். மறுநாள் காலை எழுந்ததும் ஒன்று சாப்பிட வேண்டும். அதன்பின் வழக்கமான கிழமைக்கே திரும்பிவிடலாம். ஒரே நாளில் இரண்டு கூடாது.